கருப்பண்ணன் நினைவு நவீன சுகாதார வளாகம்

பேரூராட்சி அலுவலகத்திலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். எங்கள் வீட்டுக்குத் தட்டோடு வருகிறவர்கள் பெண் கேட்க வருவார்கள், இல்லையென்றால் மாரியம்மன் பண்டிகைக்கு முதல் மரியாதை சொல்ல வருவார்கள். அலுவலகத்திலிருந்து தட்டு வந்தது அதுதான் முதல் தடவை. தட்டில் ஆப்பிளும் வெற்றிலையும் ஒரு சால்வையும் இருந்தன. சால்வையில் விலைச்சீட்டை எடுக்க மறந்திருந்தார்கள்.

தலைவர் தமிழ்மணி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அவர் செருப்பைக் கழற்றினால் தேர்தல் வருகிறது என்று பொருள். ஆனால் அப்போது தேர்தல் எதுவும் இல்லை. கூடவே செயல் அலுவலர் அருண்குமார் கையில் செல்போனை நீட்டிப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்து வந்தார். நாங்கள் வணக்கம் சொல்லிக்கொள்வதைப் படம் எடுக்கிறாராம்.

"பெரியவரே, உங்க அப்பா பேர்ல ஒரு கட்டடம் கட்டியிருக்கறமுங்க. வெள்ளிக்கிழமை தெறப்பு விழா. குடும்பத்தோட வரணும்," என்றார் தமிழ்மணி.

எனக்கு மனம் குளிர்ந்தது. மறைப்பானேன்? என் அப்பா கருப்பண்ணன், பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த எங்கள் நிலத்தைப் படிப்பகம் கட்டுவதற்காக ஊருக்கு எழுதிக் கொடுத்தவர். தானமாக வந்த நிலத்தில் எதைக் கட்டினாலும் தந்தவர் பெயரை வைக்க வேண்டும் என்று அன்றைய பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. படிப்பகமும் வந்தது. பிறகு அங்கே செய்தித்தாள் வருவது நின்று, பிளீச்சிங் பவுடர் மூட்டை வந்தது. ஒரு மழையில் கூரை இறங்கியது. கூரையோடு அப்பா பெயரும் இறங்கியது. அதை மறுபடி ஏற்றி வைக்காமல் கண் மூடக்கூடாது என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் கடுக்காமலை அதற்குள் கோடை வாசஸ்தலம் ஆகிவிட்டிருந்தது. ஏழைகளின் ஊட்டி என்று அடிவாரத்தில் பலகை வைத்தார்கள். தமிழ்நாட்டில் ஊட்டியைத் தவிர மற்ற எல்லா மலைக்கும் அந்தப் பெயர் உண்டு. சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கார்கள் ஏறி வரும். வந்தவர்கள் மேகத்தைப் படம் எடுத்துவிட்டு, எங்கள் சாமைக் கொல்லை வரப்புகளில் குந்திவிட்டுப் போவார்கள். ஆகவே ஊருக்குக் கழிப்பிடம் வேண்டாம் என்று சொல்லும் மூடன் நான் அல்ல. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டடத்தைப் பச்சை வலை கட்டி மறைத்துத்தான் கட்டினார்கள். ஒப்பந்தக்காரரைக் கேட்டதற்கு, "பல்நோக்குக் கட்டடமுங்க," என்றார். சுவரில் வண்ணப் பளிங்கு ஓடு ஒட்டுவது வலை வழியாகத் தெரிந்தது. மறுபடி ஒரு படிப்பகத்துக்கு இவ்வளவு செலவு செய்கிறார்களே என்று வியந்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டுக் கரை வேட்டி கட்டி, குடும்பத்தோடு போனேன். பாப்பாரப்பட்டியிலிருந்து சம்பந்தி மாதவராஜ் ஒரு வேன் நிறைய உறவினரோடு வந்திருந்தார். என் மனைவி கோவிந்தம்மாள் சீர் வைப்பதுபோல் தேங்காய் பழத்தட்டு எடுத்து வந்தாள். பந்தல், பேண்டு வாத்தியம், வாழைமரம் எல்லாம் இருந்தன. குத்துவிளக்கை ஏற்றினார்கள். தமிழ்மணி கயிற்றை இழுத்தார். பலகையை மூடியிருந்த துணி விழுந்தது.

சம்பந்திக்குப் பலகைகளைச் சத்தம் போட்டுப் படிக்கும் பழக்கம் உண்டு.

"கருப்பண்ணன் நினைவு நவீன சுகாதார வளாகம்," என்று படித்தார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "ஆண்கள், பெண்கள்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஊருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கும் நூர் பாஷா பிற்பாடு என்னிடம் சொன்னார்: "சொல்லிரலாம்னு ரெண்டு மூணு தடவ வாயத் தொறந்தனுங்க. உங்க மொகத்தப் பாத்ததும் மூடிக்கிட்டேன்."

தமிழ்மணி பேசினார். "பள்ளிக்கூடத்துக்குப் பேர் வெச்சா படிக்கறவன் மட்டும்தான் போவான். ஆஸ்பத்திரிக்கு வெச்சா நோயாளி மட்டும்தான் போவான். இங்க எல்லாருமே போவாங்க. சாதி இல்ல, மதம் இல்ல, கட்சி இல்ல. கலெக்டரும் போகணும், கூலிக்காரனும் போகணும். கருப்பண்ணன் ஐயா நெனச்ச சமத்துவத்த இன்னிக்கு இந்தப் பேரூராட்சி கட்டிக் காட்டியிருக்குது. எங்களத் தவிர வேற எந்தப் பேரூராட்சிக்கு இந்த மனசு வரும்?"

கை தட்டினார்கள். அதன் பின் ஒலிபெருக்கியில் அருண்குமார் அறிவித்தார்: "இப்போது கருப்பண்ணன் ஐயாவின் மூத்த மகன், பெரியவர் பெரியண்ணன் அவர்கள், வளாகத்தைப் பயன்படுத்தித் தொடங்கி வைப்பார்."

எங்கள் பக்கம் புதுக் கிணற்றில் முதல் வாளியை வீட்டு மூத்தவர்தான் இறைப்பார். புது ஏரில் முதல் உழவுச் சால் அவர்தான் ஓட்டுவார். அந்த மரியாதையை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். கழுத்தில் மாலையோடு என்னை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். வெளியே பேண்டு வாசித்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குழாயைத் திருகினேன். காற்று வந்தது. இன்னொரு குழாயையும் திருகினேன். அதிலும் காற்றுதான். தலைக்கு மேலே தொட்டி இருக்கிறது. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாய் எந்தத் திட்டத்திலும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் கைத்தட்டல். "அனுபவத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க," என்று மைக்கை நீட்டினார் அருண்குமார்.

"தண்ணி வரல," என்றேன்.

தமிழ்மணி மைக்கை வாங்கி, "பெரியவரு உணர்ச்சிவசப்பட்டிருக்கறாரு," என்றார். மறுபடியும் கை தட்டினார்கள்.

அன்று மாலை சம்பந்தி வீட்டு வேன் சாப்பிடாமலே மலை இறங்கியது.

அதற்குப் பிறகு என் அப்பா பெயர் ஊரில் புழங்கத் தொடங்கியது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வரும் பேருந்தின் நடத்துநர், "கருப்பண்ணன் எறங்கறவங்கல்லாம் எறங்கு," என்று குரல் கொடுத்தார். பெங்களூர்ப் பையன்கள், "மச்சான், நில்றா, கருப்பண்ணன் போயிட்டு வந்தர்றேன்," என்றார்கள். செல்போனில் ஊர் வரைபடத்தைத் திறந்தால், அப்பா பெயருக்குக் கீழே ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, தாழ்ப்பாள் இல்லை என்றும் உள்ளே போகாதீர்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

கோவிந்தம்மாள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாமனார் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். அவள் ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு வந்து, பையைக் கீழே வைத்தாள்.

"நான் ஆயுசுக்கும் சொல்லாத பேர, பஸ்ஸுல ஒருத்தன் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சொல்றானுங்க," என்றாள். "எதாச்சும் பண்ணுங்க."

நான் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் வீட்டில் யாரும் ஒரு அலுவலகத்தில் கைகட்டி நின்றதில்லை. அங்கே நாற்காலி இல்லாததால் நான் நிற்க வேண்டியதாயிற்று. கையைக் கட்டவில்லை.

"பேர எடுத்திருங்க. எனக்கு வேற எந்தக் கோரிக்கையும் இல்ல," என்றேன்.

அருண்குமார் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்றேதான் மறுத்தார். "அது முடியாதுங்க ஐயா. பழைய தீர்மானம் இருக்குது. அதை மீற எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க."

"எல்லாத் தீர்மானத்தையும் இப்படித்தான் காப்பாத்தறீங்களா? ரோடு போடறதுன்னு ஒரு தீர்மானம் இருந்துச்சே?"

"அதுக்கு நிதி வேணுமுங்க. இதுக்குப் பெயின்ட் போதும்."

மனுவை மன்றக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். வைத்தார்கள். பார்வையாளர் பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள். முதலில் மௌன அஞ்சலி. யாருக்கென்று யாரும் சொல்லவில்லை. பிறகு போண்டா வந்தது. பிறகு என் மனு வந்தது.

"மனுதாரர் தன் தகப்பனார் பெயர் பொதுமக்களால் மரியாதை இல்லாமல் உச்சரிக்கப்படுவதாக வருந்துகிறார்," என்று அருண்குமார் வாசித்தார். நான் அப்படி எழுதவில்லை. பெயரை எடுங்கள் என்று மட்டுமே எழுதியிருந்தேன்.

"நியாயமான கோரிக்கைதானுங்க," என்றார் ஒரு உறுப்பினர். "பேருக்கு முன்னால ஒரு பட்டமும் போடாம மொட்டையா எழுதினா ஜனங்க அப்படித்தான் கூப்புடுவாங்க."

'கொடை வள்ளல்' என்று சேர்க்கலாம் என்றார் ஒருவர். 'மலைநாட்டுப் பேரொளி' என்றார் இன்னொருவர். இரண்டையும் சேர்ப்பதென முடிவாயிற்று. மின்விளக்கு எழுத்தில் போட்டால் மூடுபனியிலும் தெரியும் என்று தமிழ்மணி சொன்னார். மேசைகளைத் தட்டினார்கள். அப்போது சுகுணா என்ற உறுப்பினர் எழுந்தார். மன்றத்தில் யோசித்துப் பேசுகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு எந்தப் பக்கம் ஆம்பளைங்க, எந்தப் பக்கம் பொம்பளைங்கன்னு தெரியறதில்லைங்க. ஆம்பளைங்க பக்கம் ஐயா படத்த வெச்சுட்டா மரியாதைக்கும் மரியாதை ஆச்சு, அடையாளத்துக்கும் அடையாளம் ஆச்சு."

"அருமை," என்றார் தமிழ்மணி. "பொம்பளைங்க பக்கத்துக்கு?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பெரியவரே, உங்க அம்மா போட்டோ ஒண்ணு இருந்தாக் குடுங்க. பெருசு பண்ணிக்கறோம்," என்றார் அருண்குமார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மனுதாரர் முழுத் திருப்தியுடன் வெளியேறினார் என்று கூட்ட நடவடிக்கையில் எழுதியிருப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அப்பா படம் அலுவலகத்திலேயே இருந்தது. படிப்பகத் திறப்பு விழாவில் எடுத்தது. தலைப்பாகையும் மீசையுமாக நிமிர்ந்து நிற்பார். அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஆண்கள் வாசலில் மாட்டினார்கள். அப்பா ஒரு கையை லேசாக நீட்டியிருப்பார். படிப்பகத்துக்குள் வாருங்கள் என்று யாரையோ அழைத்தபோது எடுத்த படம் அது.

பிறகு நாற்றம் தொடங்கியது. தண்ணீர் இல்லாத இடத்தில் கோடைக் கூட்டம் முழுவதும் போய்விட்டுப் போனால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரையும் விருந்தினர் மாளிகைக்கும், பிரமுகர்கள் வரும் பாதையில் சுண்ணாம்புக் கோடு போடவும் அனுப்பிவிட்டார்கள். வாசற்படி வரைக்கும் கால் வைக்க இடமில்லை. பளிங்கு ஓட்டின் நிறம் மாறியது. ஈக்கள் அப்பா மீசையில் உட்கார்ந்தன. நூர் பாஷாவின் கடையில் டீ குடிக்க ஆள் வருவது குறைந்தது.

ஒருநாள் அவர் கடையில் நின்றிருந்தேன். வளாகத்துக்குள் போன ஒருவர் போன வேகத்தில் வெளியே வந்து, வாசலில் காறித் துப்பினார். "கருப்பண்ணன் நாறுதுய்யா," என்றார். படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் நான் வேட்டியை மடித்துக் கட்டி, தென்னந்துடைப்பமும் பக்கெட்டுமாகப் போனேன். தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்து போயிற்று. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். முதல் வாளியை ஊற்றிவிட்டு வெளியே ஓடிவந்தேன். இரண்டாவதை ஊற்றியபோது அழுகை வந்தது. மூன்றாவதுக்குப் பிறகு வேலை மட்டும் இருந்தது. அலுவலகத்தார் எழுதிய பெயரை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதன்மேல் கிடந்த மலத்தை அள்ளுவதற்கு எவனுடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். சம்பந்தி போனில், "உங்களுக்கு இது தேவையா சம்பந்தி? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார்.

"நாத்தம் அடிக்கறப்போ பேசினாங்களே, அதவிடக் கம்மியாத்தான் பேசுவாங்க," என்றேன்.

நூர் பாஷா தன் கடைக் குழாயிலிருந்து நீளமாக ஒரு ஹோஸ் பைப் இழுத்துக் கொடுத்தார். கோவிந்தம்மாள் பினாயில் வாங்கி வைத்தாள். தினமும் போனேன். உடைந்த தாழ்ப்பாள்களை மாற்றினேன். ஓடுகள் மறுபடி வெளுத்தன. நாற்றம் போயிற்று. வெளியூர்ப் பெண்கள் உள்ளே போய்விட்டு வந்து, முகம் கோணாமல் டீ குடித்தார்கள். செல்போனில் நட்சத்திரம் கூடிற்று. கருப்பண்ணன் மாதிரி ஒரு இடம் ஊட்டியில்கூட இல்லை என்று யாரோ எழுதியிருந்ததைப் பேத்தி படித்துக் காட்டினாள். எனக்கு அதில் பெருமையா அருவருப்பா என்று தெரியவில்லை. காலையில் எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

மாநிலத்தின் மிகச் சிறந்த பொதுக் கழிப்பிடம் எங்கள் ஊருடையது என்று விருது வந்தது. தமிழ்மணியும் அருண்குமாரும் சென்னைக்குப் போய்க் கேடயம் வாங்கி வந்தார்கள். திறந்த ஜீப்பில் கேடயத்தோடு மலை ஏறினார்கள். பேருந்து நிலையத்தில் அருண்குமார் பேசினார்.

"இது தனி மனிதர் சாதனை அல்ல. ஒரு நிர்வாகத்தின் சாதனை. தண்ணீரே இல்லாமல் ஒரு கழிப்பிடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்று சென்னையில் உயர் அதிகாரிகள் எங்களைக் கேட்டார்கள். மனம் இருந்தால் போதும் என்று சொன்னோம்."

நான் அப்போது பெண்கள் பக்கம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே சிறப்புக் கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவை போண்டாவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மாநில விருது பெற்ற சொத்துக்கு மறுபெயர் வைக்கலாம் என்று ஒரு விதி கிடைத்துவிட்டதாம். கழிப்பிடத்தின் புகழுக்கு வழிகாட்டியவர் தலைவர். தலைவருக்கு வழிகாட்டியவர் அவருடைய மறைந்த தகப்பனார் ராஜாமணி. ஆகவே ராஜாமணி நினைவு வளாகம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மீற முடியாது என்று எனக்குச் சொன்ன பழைய தீர்மானம், நான் வீட்டில் கம்பு நனைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இறந்துபோயிற்று.

அப்பா படத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். நூர் பாஷா அதை ஈரத்துணியால் துடைத்து, பழைய நாளிதழில் சுற்றி, தன் வண்டியிலேயே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"கோவமாங்க?" என்று கேட்டார்.

"எதுக்கு? நான் கேட்டதத்தானே குடுத்திருக்காங்க," என்றேன்.

ராஜாமணி நல்ல மனிதர். அப்பாவோடு சந்தைக்கு நடந்து போனவர். வாங்கிய கடனைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் தருவார். அவர் படம் ஆண்கள் வாசலில் ஏறியபோது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. துடைப்பத்தைக் கழுவிக் கிணற்று மேட்டில் சாய்த்தேன். அதன் பின் போகவில்லை.

நான் போகவில்லை என்பதை அலுவலகம் மூக்கால் தெரிந்துகொண்டது. விருது பெற்ற வளாகத்தைப் பார்க்க வேறு மாவட்டத்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. தமிழ்மணி காரில் வீட்டுக்கு வந்தார். கூட அருண்குமார். இந்தத் தடவையும் தமிழ்மணி செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"பெரியவரே, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் காலைல வந்து ரெண்டு வாளி ஊத்திட்டுப் போயிருங்க. உங்க கைப்பக்குவம் வேற யாருக்கும் வரல."

நான் கிணற்று மேட்டில் சாய்ந்திருந்த துடைப்பத்தைப் பார்த்தேன்.

"என்ன இருந்தாலும் உங்கப்பா குடுத்த நெலமுங்க. அந்தப் பாசம் உங்களுக்கு இருக்காதுங்களா?"

"நெலம் எங்கப்பா குடுத்தது," என்றேன். "நாத்தம் நீங்க குடுத்தது. பேரு உங்கப்பாவுது. இதுல எனக்கு என்ன வேலை?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது காரிலிருந்து ஓட்டுநர் வயிற்றைப் பிடித்தபடி இறங்கி வந்தான்.

"தலைவரே, மன்னிச்சுக்கங்க, அவசரம். ஒரு எட்டு ராஜாமணி போயிட்டு வந்தர்றனுங்க."

சொன்னவன் அதில் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னான். தமிழ்மணி முகத்தில் அடி விழுந்ததுபோல் ஆயிற்று. அந்த அடி எந்த இடத்தில் விழும், எவ்வளவு நேரம் எரியும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதில் மகிழ்ச்சி வரவில்லை.

"அங்க தண்ணி இல்லப்பா," என்றேன் ஓட்டுநரிடம். "இங்கிருந்தே ஒரு பக்கெட் கொண்டுபோ."

ஓட்டுநர் நகர்வதற்குள் தமிழ்மணி எழுந்தார். யாரையும் பார்க்காமல் கிணற்று மேட்டுக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். நிறைத்து வைத்திருந்த பக்கெட்டை ஒரு கையிலும், சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை இன்னொரு கையிலும் எடுத்தார். நடந்த வேகத்தில் தண்ணீர் காலில் சிந்தியது. வாசலைத் தாண்டி அவர் இறங்குவதற்குள் அருண்குமார் முன்னால் ஓடிப்போய், செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

"தலைவரே, பக்கெட்ட கொஞ்சம் மேல தூக்குங்க," என்றார். "மொகம் மறையுது."